துவண்டுபோன அணிக்கு நம்பிக்கையை மீட்டுத் தருவது எப்படி? பள்ளி கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கான முழு வழிகாட்டி

ஷாட் தவறியதும் பையன் எங்கே பார்க்கிறான் என்று கவனியுங்கள். பந்தைப் பார்த்தால் கவலை இல்லை. திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தால் இந்த வழிகாட்டி உங்கள் அணிக்குத் தேவை. அவன் உங்களைப் பார்த்து முடிப்பதற்குள் எதிரணி ரீபவுண்டை, அதாவது தவறித் திரும்பி வரும் பந்தை, எடுத்துக்கொண்டு ஓடியிருக்கும். நம் பக்கம் டிஃபென்ஸில் நான்கு பேர்தான் மிஞ்சுவார்கள்.

புதிதாகப் பொறுப்பேற்கும் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் பேச்சில் தொடங்குகிறார்கள். வட்டமாக உட்கார வைத்து, "உங்களால் முடியும்" என்று அரை மணி நேரம் சொல்கிறார்கள். பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் போய் அடுத்த ஆட்டத்திலும் அதே மாதிரி ஆடுகிறார்கள். தொடர்ந்து தோற்ற அணிக்கு, தன்னால் முடியும் என்பதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். பார்க்க வைக்க ஒரு வரிசை உண்டு, அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேச்சு அதில் கடைசியில்தான் வரும்.

14, 17 வயதுக்குட்பட்ட அணிகளை மனதில் வைத்து எழுதியது இது. குறுவட்டப் போட்டிக்கு ஆறு வாரமாவது இருக்கும்போது தொடங்குங்கள். இரண்டு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால் 2, 3, 7 ஆகிய மூன்று படிகளை மட்டும் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

முதலில் டேப் எடுத்து மைதானத்தை அளங்கள். ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட்) கோடு போர்டின் முகப்பிலிருந்து 4.6 மீட்டரில் இருக்க வேண்டும். பழைய பள்ளி மைதானங்களில் தரையை உயர்த்திப் பூசியிருப்பார்கள், ரிங் முன்பக்கம் தொங்கியிருக்கும், கோடு அழிந்து யாரோ கண்மதிப்பில் மறுபடி வரைந்திருப்பார்கள். உங்கள் மைதானத்தில் நன்றாகப் போட்ட பிள்ளை வெளியூர் ரிங்கில் தொடர்ந்து தவறவிட்டால் தன் கையைத்தான் சந்தேகப்படும்.

அடுத்தது பந்து. பெரிய பையன்களுக்கு 7-ஆம் அளவு, பெண்களுக்கு 6-ஆம் அளவு. 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு எந்த அளவு என்பதைப் போட்டி நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஸ்டோர் ரூமில் இருப்பது 7-ஆம் அளவுதான் என்று பெண்கள் அணியை அதிலேயே மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வைத்த பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். பந்து ரிங்குக்கு முன்னாலேயே விழும். "எனக்குக் கையில பலம் இல்ல சார்" என்று அந்தப் பெண் சொல்லத் தொடங்கிவிடுவாள். பலம் இருந்தது, பந்துதான் பெரிது.

இவற்றோடு ஒரு நீள நோட்டு, ஒரு ஸ்டாப்வாட்ச், இரண்டு நிறத்தில் பனியன் வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு பந்தாவது இருக்க வேண்டும். பன்னிரண்டு பேருக்கு இரண்டே பந்து என்றால் பயிற்சியில் பாதி நேரம் வரிசையில் நிற்பதிலேயே போய்விடும்.

2. தோற்ற மறுநாள் பேசாதீர்கள், எண்ணுங்கள்

தோற்ற அணியின் மனதில் ஒரே ஒரு வாக்கியம்தான் ஓடும்: "நாம மோசம்." அந்த வாக்கியத்தோடு எதையும் திருத்த முடியாது. அதைத் துண்டு துண்டாக உடைப்பதுதான் முதல் வேலை.

போட்டி ஸ்கோர் ஷீட்டில் புள்ளி, ஃபவுல், டைம் அவுட் மட்டும்தான் இருக்கும். நமக்கு வேண்டியது வேறு. எத்தனை லே-அப் (ரிங்குக்குப் பக்கத்தில் ஓடி வந்து தாவிப் போடும் ஷாட்) தவறியது, எத்தனை ஃப்ரீ த்ரோவில் எத்தனை விழுந்தது, எத்தனை முறை ஷாட் எடுக்காமலே பந்தை இழந்தோம், எதிரணி தவறவிட்ட பந்தை அவர்களே மறுபடி எடுக்கவிட்டு எத்தனை இரண்டாவது வாய்ப்பு கொடுத்தோம். இந்த நான்கு போதும். பத்து விஷயம் எழுதத் தொடங்கினால் மூன்றாவது ஆட்டத்தில் நோட்டு காணாமல் போய்விடும்.

ஒரு முறை எங்கள் பையன்கள் 19 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். எதிரணி பையன்கள் உயரம், அதனால்தான் தோற்றோம் என்று எல்லோரும் சொன்னார்கள். நோட்டைப் பார்த்தால், யாரும் தடுக்காத லே-அப் ஏழு தவறியிருந்தது, பத்து ஃப்ரீ த்ரோவில் எட்டு தவறியிருந்தது. இவை மட்டுமே 22 புள்ளி. இவற்றில் எதற்கும் எதிரணியின் உயரத்தோடு சம்பந்தம் இல்லை. அந்தக் கணக்கைச் சொன்னபோது பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உயரத்தை மாற்ற முடியாது. லே-அப்பைச் சரி செய்யலாம்.

எண்ணும் வேலையை ஆட வாய்ப்புக் குறைவாகக் கிடைக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். எழுதுகிறவன் ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொள்வான். மூன்றாவது குவார்ட்டரில் அவனை இறக்கும்போது எதிரணியில் யார் இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போக மாட்டான் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே நடக்கும் தவறு: எண்களைப் பெயரோடு சத்தமாக வாசிப்பது. "நீ அஞ்சு விட்ட, நீ மூணு விட்ட" என்று சொன்னால் அடுத்த ஆட்டத்தில் அந்த ஐந்து விட்ட பையன் ஷாட்டே எடுக்க மாட்டான். அணியின் மொத்தக் கணக்கை எல்லோர் முன்னும் சொல்லுங்கள். தனியாள் கணக்கைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

3. ஒவ்வொருவருக்கும் ஒரே வரியில் ஒரு வேலை

தயக்கத்தைப் பயம் என்று நினைத்துவிடுகிறோம். பல சமயம் அது குழப்பம்தான். பந்து கைக்கு வந்ததும் "நான் போடலாமா, இல்லை கேப்டனுக்குக் கொடுக்கணுமா" என்று யோசிக்கும் அரை நொடியில் டிஃபென்டர் வந்துவிடுகிறான். அதன்பிறகு எதைச் செய்தாலும் தவறு.

அதனால் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு, செய்ய வேண்டியதை ஒரே வரியில் சொல்லுங்கள். "வலது மூலையில காலியா இருந்தா யோசிக்காம போடு." "ஷாட் போனதும் உன் ஆளை முதுகால் தடுத்து பாக்ஸ் அவுட் பண்ணு, பந்து உனக்கு வராட்டியும் பரவாயில்லை." "பந்தை எட்டு நொடிக்குள்ள பாதி மைதானம் தாண்டிக் கொண்டு வந்து கொடு, அதுதான் உன் வேலை." பிறகு அதையே அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு வரியில் சொல்ல முடியவில்லை என்றால் நீங்கள் தெளிவாகச் சொல்லவில்லை என்று பொருள்.

வேலையை "செய்யாதே" என்று கொடுக்காதீர்கள். "நீ த்ரீ போடாதே" (தூரத்து மூன்று புள்ளி ஷாட்) என்பதால் அவனுக்கு எங்கிருந்து போடுவது என்று தெரியப்போவதில்லை. "ரிங்கிலிருந்து மூணு எட்டு தூரத்துக்குள்ள வந்து போடு" என்றால் தெரியும்.

ஆறாவதாக, ஏழாவதாக இறங்குகிறவர்களை இந்தப் படியில் விட்டுவிடாதீர்கள். எப்போது இறங்குவோம், எதற்காக என்று தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் உடம்பு குளிர்ந்து, மனது சுருங்கி, திடீரென்று ஒருநாள் இறக்கப்படுகிறான். "ரெண்டாவது குவார்ட்டர் ஆரம்பத்துல நீ இறங்குவ, அவங்க பக்கம் பந்தைக் கொண்டு வர்ற பாயிண்ட் கார்டை விடாம பிடிக்கணும்" என்று முதல் நாளே சொல்லிவைத்தால் முதல் குவார்ட்டர் முழுக்க அந்த பாயிண்ட் கார்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

4. ரிங்குக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி வெளியே வாருங்கள்

பயிற்சிக்கு வந்ததும் பிள்ளைகள் 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறியத் தொடங்குவார்கள். அதை அனுமதிக்காதீர்கள். பத்து எறிந்து ஒன்று விழுந்தால், தன்னால் முடியாது என்பதை ஒன்பது தடவை பார்த்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குகிறார்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் தடுப்பு இல்லாத லே-அப், இரண்டு கையாலும். அடுத்து பின்னால் ஒருவன் துரத்தி வரும் லே-அப். ஆட்டத்தில் தவறுவது பெரும்பாலும் இதுதான். பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் பையன் ரிங்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவசரப்படுகிறான். மூன்றாவது, மேலே தாவும்போது பக்கவாட்டில் லேசாக இடிக்கும் லே-அப். நீங்களே ஒரு பழைய தலையணையையோ உடற்பயிற்சி விரிப்பையோ பிடித்துக்கொண்டு நின்று இடிக்கலாம்.

இவை மூன்றும் சரியான பிறகு ரிங்கிலிருந்து இரண்டு மீட்டர், அப்புறம் மூன்று மீட்டர். ஒரு தூரத்தில் பத்துக்கு ஏழு விழும்வரை அடுத்த தூரத்துக்குப் போக வேண்டாம். முதல் இரண்டு வாரம் பெரும்பாலான பிள்ளைகள் மூன்று மீட்டரைத் தாண்ட மாட்டார்கள். அது போதும். பள்ளி அளவில் ஆட்டங்கள் அந்தத் தூரத்துக்குள்தான் முடிவாகின்றன.

5. ஃப்ரீ த்ரோவை இரண்டிரண்டாக, மூச்சு வாங்கும்போது

ஓரமாக நின்று ஐம்பது ஃப்ரீ த்ரோ தொடர்ந்து போடச் சொல்வது பலரும் செய்யும் பயிற்சி. ஆட்டத்தில் அப்படி ஐம்பது கிடைக்காது. ஓடி வந்து, இடிபட்டு, நெஞ்சு படபடக்கும்போது இரண்டுதான் கிடைக்கும். முப்பதாவது ஷாட்டில் கை பழகி விழுவதைப் பார்த்து நீங்களும் ஏமாறுகிறீர்கள், பிள்ளையும் ஏமாறுகிறது.

மைதானத்தின் நீளம் 28 மீட்டர். அதை இரண்டு தடவை போய்வரச் சொல்லி, வந்ததும் இரண்டு போடச் சொல்லுங்கள். பயிற்சி முழுக்க இப்படி ஐந்தாறு முறை நடுவில் நுழையுங்கள். மற்றவர்கள் கோட்டோரம் நின்று பார்க்கட்டும்.

நடுவர் பந்தைக் கையில் கொடுத்ததிலிருந்து ஐந்து நொடிக்குள் போட வேண்டும் என்பது விதி. அந்த ஐந்து நொடிக்குள் அடங்கும் ஒரு வழக்கத்தை ஒவ்வொருவருக்கும் அமைத்துக் கொடுங்கள்: இரண்டு தட்டு, ஒரு நீண்ட மூச்சு, ரிங்கைப் பார், போடு. எந்த வழக்கம் என்பது முக்கியமில்லை, ஒவ்வொரு முறையும் அதுவே இருக்க வேண்டும். கூட்டம் கத்தும்போது கைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வேலை இருந்தால் மனது அலையாது.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு தகவல்: உலகின் சிறந்த வீரர்கள் ஆடும் அமெரிக்க என்.பி.ஏ. லீகிலேயே ஃப்ரீ த்ரோக்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று தவறுகிறது. பல பத்தாண்டுகளாக அப்படித்தான். இதைக் கேட்ட பிறகு முதல் ஷாட் தவறியவன் இரண்டாவதைப் போட நிற்கும் விதமே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

6. நெருக்கடியைப் பயிற்சிக்குள் கொண்டு வாருங்கள்

போட்டியில் முதல்முறையாகச் சந்திக்கும் எதுவும் பிள்ளையைப் பயமுறுத்தும். அதனால் எதையும் முதல்முறையாகச் சந்திக்க விடக்கூடாது.

வாரத்துக்கு மூன்று நாளாவது பயிற்சியின் கடைசி இருபது நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். "ரெண்டு நிமிஷம் இருக்கு, நாம அஞ்சு புள்ளி பின்னால. இந்தக் குவார்ட்டர்ல நம்ம டீம் ஃபவுல் நாலு ஆச்சு." விசில். இப்போது அடுத்த ஃபவுல் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ என்பதை அவர்களே உணர்ந்து ஆட வேண்டும். இன்னொரு நாள் நாம் மூன்று புள்ளி முன்னால், கேப்டன் ஐந்து ஃபவுலில் வெளியே போய்விட்டான். யார் பந்தைக் கொண்டு வருவது? இதைப் பயிற்சியில் ஒருமுறை தீர்த்த அணி போட்டியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்காது.

எதிரணி முழு மைதானத்தையும் அடைத்து நெருக்கும் பிரஸ் டிஃபென்ஸுக்கு ஐந்து பேருக்கு எதிராக ஏழு பேரை நிறுத்துங்கள். முதல் நாள் பந்து பாதி மைதானத்தைக்கூடத் தாண்டாது. பத்தாவது நாள் தாண்டும். அதன்பிறகு போட்டியில் ஐந்து பேர் மட்டும் தடுக்கும்போது மைதானம் பெரிதாகிவிட்டதுபோல் இருக்கும்.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்: முதல் ஐவரை ஒரு பக்கமும் மற்ற ஐவரை எதிர்ப்பக்கமும் வைத்துத் தினமும் ஆட விடுவது. இரண்டாவது ஐவர் தினமும் தோற்பார்கள். ஒரு மாதத்தில் தோற்பது அவர்களுக்குப் பழகிவிடும். அவர்களைத்தான் போட்டியில் மாற்று ஆட்டக்காரர்களாக இறக்கப்போகிறீர்கள். அணிகளைக் கலந்து பிரியுங்கள். கலக்க முடியாவிட்டால் பலவீனமான பக்கத்துக்கு ஆறேழு புள்ளி முன்னதாகக் கொடுத்துத் தொடங்குங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய பாதிப் பாதி ஜெயிக்கிற மாதிரி அந்தக் கணக்கைக் கூட்டிக் குறையுங்கள்.

பயிற்சி ஆட்டங்களுக்கும் இதே எண்ணம்தான். முதலில் நமக்குச் சமமான அணி, அடுத்து கொஞ்சம் வலுவான அணி, போட்டிக்கு முந்தைய வாரம், யாரோடு மோதினால் நம் பிள்ளைகள் நிச்சயம் நன்றாக ஆடுவார்களோ அப்படி ஓர் அணி. ஆரம்பத்திலேயே மாவட்டத்தின் பெரிய அணியை அழைத்து நாற்பது புள்ளியில் தோற்பதில் பிள்ளைகள் எதையும் கற்பதில்லை.

7. போட்டி நாளில் உங்கள் வேலை

முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பெரும்பாலும் சிமென்ட் தரை, திறந்தவெளி. வெயில் எந்தப் பக்க ரிங்கில் கண்ணில் அடிக்கிறது, எந்த ரிங் இறுக்கம், எந்தப் போர்டு அதிர்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்து வந்து சொல்லட்டும். அந்த இடம் அவர்களுக்குப் பழகிவிடும்.

வார்ம் அப் பயிற்சியில் செய்ததேதான். புதிதாக எதுவும் வேண்டாம். எதிரணி டங்க் செய்து, அதாவது தாவி ரிங்குக்குள் பந்தைத் திணித்து, காட்டினாலும் உங்கள் பிள்ளைகள் லே-அப் வரிசையில் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

முதல் இரண்டு தாக்குதல்களை முன்பே முடிவு செய்துவிடுங்கள். ரிங்குக்குப் பக்கத்தில் ஷாட் கிடைக்கிற எளிய ஆட்டமாக, அதிகம் பதற்றப்படும் பிள்ளையின் கையில் பந்து ஒருமுறையாவது படுகிற மாதிரி இருக்கட்டும். விழுந்தால் நல்லது. தவறினாலும், திட்டமிட்டபடி ஓடினோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தவறு செய்த உடனே ஆளை வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் மைதானத்தில் இருக்கும் மற்ற நான்கு பேரும் பார்ப்பது ஒன்றைத்தான்: தப்பு பண்ணினால் வெளியே. அதன்பிறகு ஐந்து பேரும் தப்பு பண்ணாமல் இருப்பதற்காக ஆடுவார்கள். மாற்ற வேண்டும் என்று தோன்றினாலும் இரண்டு மூன்று தாக்குதல் பொறுங்கள். அவன் ஒரு ரீபவுண்டோ நல்ல பாஸோ செய்த பிறகு எடுங்கள். ஐந்தாவது ஃபவுல் நெருங்குவது, காயம், எதிரியை வேண்டுமென்றே இடிப்பது ஆகிய மூன்றுக்கும் காத்திருக்க வேண்டாம்.

டைம் அவுட் முதல் பாதியில் இரண்டு, இரண்டாவது பாதியில் மூன்று. ஆனால் நான்காவது குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. மூன்றையும் சேமித்து வைத்தால் ஒன்று வீணாகும். எதிரணி தொடர்ந்து ஆறு எட்டுப் புள்ளி எடுத்து, நம் பிள்ளைகள் வாய் திறந்து பேசுவதை நிறுத்திவிட்டால் அதுதான் டைம் அவுட் எடுக்கும் நேரம். ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தாமதமாகிவிடும். ஒருவரோடு ஒருவர் பேசாத அணி அடுத்த நான்கு புள்ளியையும் விட்டுவிடும்.

டைம் அவுட்டுக்கு ஒரு நிமிடம்தான். முதல் பதினைந்து நொடி நீங்கள் பேசாதீர்கள், தண்ணீர் குடிக்கட்டும். மூச்சு வாங்குகிற காதில் எதுவும் ஏறாது. அடுத்து டிஃபென்ஸுக்கு ஒன்று, தாக்குதலுக்கு ஒன்று, அவ்வளவுதான். கடைசிப் பத்து நொடி கேப்டனுடையது. நான்கு திருத்தங்களைக் கத்திச் சொன்ன பயிற்சியாளரின் அணி திரும்பி உள்ளே போகும்போது யாரைப் பிடிப்பது என்றே தெரியாமல் போவதை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம்.

உங்கள் முகத்துக்கும் பயிற்சி தேவை. ஷாட் தவறியதும் தலையில் கை வைப்பது, பின்னால் திரும்பிப் பெஞ்சைப் பார்ப்பது, தண்ணீர்ப் பாட்டிலை உதைப்பது எல்லாவற்றையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். தவறிய ஷாட்டுக்கு நான் ஒரே ஒரு வார்த்தை வைத்திருக்கிறேன்: "பின்னால!" ஓடி டிஃபென்ஸுக்கு வா என்று அர்த்தம். விழுந்த ஷாட்டுக்கும் அதே வார்த்தைதான். இரண்டுக்கும் நான் சொல்வது ஒன்றே என்று தெரிந்த பிறகு அவர்கள் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

முடிந்தால் கோடையில் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கோ, கோவையில் நடக்கும் பி.எஸ்.ஜி. கோப்பைக்கோ பிள்ளைகளை ஒருநாள் கூட்டிப் போங்கள். ஒரே ஒரு வேலை கொடுங்கள்: ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்து, ஷாட் தவறிய அடுத்த மூன்று நொடியில் அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நான் பத்து நாள் சொல்லிப் புரியாதது அங்கே ஒரு மணி நேரத்தில் புரிந்துவிட்டது.

8. ஆட்டம் முடிந்த பிறகு

ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். தோற்றிருந்தால் நோட்டிலிருந்து முன்னேறிய ஒரு கணக்கைச் சொல்லுங்கள்: "போன தடவை லே-அப் ஏழு விட்டோம், இன்னைக்கு மூணு." உண்மையான எண்ணாக இருக்க வேண்டும். முன்னேற்றம் எதிலும் இல்லை என்றால் இல்லை என்றே விட்டுவிடுங்கள். பொய்யாகப் பாராட்டினால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும், அதன்பிறகு உங்கள் உண்மையான பாராட்டையும் நம்ப மாட்டார்கள்.

ஜெயித்தாலும் அதே ஐந்து நிமிடம், அதே நோட்டு. தோற்றால் மட்டும் கணக்குப் பார்க்கும் அணிக்கு அந்த நோட்டு பிரம்பு மாதிரி ஆகிவிடும்.

திரும்பிவரும் வேனில் ஆட்டத்தைப் பற்றி நீங்கள் பேச்சை எடுக்காதீர்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள். ஒரு முறை பெண்கள் அணியோடு வரும்போது பின் சீட்டில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண், "அக்கா, கடைசில நீங்க எனக்குப் பாஸ் கொடுத்திருந்தா நான் போட்டிருப்பேன்" என்று கேப்டனிடம் சொன்னாள். ஆறு வாரத்துக்கு முன் பந்து கைக்கு வந்தாலே பயந்து திருப்பிக் கொடுத்துவிடுகிற பெண் அவள். கேப்டன், "சரிடி, அடுத்த தடவ மூலையில நின்னு கத்து, கொடுக்கறேன்" என்றாள். மறுநாள் நோட்டை எடுத்து அவள் பெயருக்கு எதிரே இருந்த பழைய ஒரு வரி வேலையை அடித்துவிட்டு, "இடது மூலை, காலியாக இருந்தால் போடு" என்று எழுதினேன்.